தலைப்பெழுத்தும் பெயர்ப் பொருத்தமும்: கே.ஒய்.சி. நெறிமுறையின் ஒரு விளக்கக் குறிப்பைப் பற்றி

மின்னணுப் பணப்பரிமாற்றச் சேவைகளில் அடையாளச் சரிபார்ப்பின்போது வாடிக்கையாளர் படும் அவதியைப் பற்றிச் சில ஆண்டுகளாக எழுதப்பட்டுவரும் ஆராய்ச்சிகளில் இரண்டு காரணங்களே மாறிமாறிச் சொல்லப்படுகின்றன. கைப்பேசியைக் கையாளும் பயிற்சி சாமானிய ஜனங்களுக்குப் போதவில்லை என்பது ஒன்று. ரிசர்வ் வங்கியின் விதிகள் அளவுக்கு மிஞ்சிக் கடுமையானவை என்பது மற்றொன்று. முதற்காரணத்தை நான் ஏற்கவில்லை. இரண்டாவதைப் பெரும்பாலும் மறுக்கிறேன். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர் முதலிய தென்சென்னைப் புறநகர்களில் 'நேம் மிஸ்மேட்ச்' என்ற ஒரே வாசகத்தோடு கே.ஒய்.சி. விண்ணப்பம் திரும்பிவந்து, இ-சேவை மையத்துக்கும் நோட்டரியின் மேஜைக்குமாக அலைகிறவர்களுள், கைப்பேசியில் நாள்தோறும் வியாபாரம் செய்யத் தெரிந்தவர்களே பலர். அவர்களைத் தடுத்து நிறுத்தும் நிபந்தனையோ, நான் படித்த அளவில், ரிசர்வ் வங்கியின் நெறிமுறையில் இல்லாத ஒன்று.

ராமசாமியின் மகன் செல்வம் என்று ஒருவரை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். பள்ளி இறுதிச் சான்றிதழில் அவர் இரா. செல்வம், ஆதார் அட்டையில் செல்வம் ஆர், பழைய வங்கிக் கணக்குப் புத்தகத்தில் ஆர். செல்வம். பான் எண்ணுக்கான 49ஏ படிவம் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட இடங்கொடுப்பதில்லை. அதில் வெறும் தலைப்பெழுத்தை இடவும் அனுமதிப்பதில்லை. ஆகவே தந்தையின் பெயரே அந்தக் கட்டத்தை நிரப்ப, அட்டை செல்வம் ராமசாமி என்று அச்சாகி வருகிறது. இப்போது அவர் ஒரு பணப்பரிமாற்றச் செயலியில் முழுக் கே.ஒய்.சி. முடிக்க முனைகிறார். 2020 ஜனவரி 9-ஆம் நாள் ரிசர்வ் வங்கி அனுமதித்த வீடியோ முறைப்படி, மறுமுனையில் ஓர் அலுவலர் தோன்றுகிறார், இருப்பிடம் பதிவாகிறது, லேமினேட் செய்த பான் அட்டையைக் கேமராவுக்கு நேரே பிடிக்கச் சொல்ல, குழல்விளக்கின் ஒளி அதன்மேல் விழுந்து எழுத்துகள் மறைய, சற்றே சாய்த்துப் பிடிக்கிறார், முகமும் பொருந்துகிறது, பிறந்த தேதியும் பொருந்துகிறது, மறுநாள் வரும் குறுஞ்செய்தி மட்டும் பெயர் பொருந்தவில்லை என்கிறது. உதவி எண்ணை அழைத்தால், கெஜட்டில் பெயர் மாற்றி அறிவித்து அதன் பிரதியை ஏற்றுமாறு பதில் கிடைக்கிறது.

இந்தப் பதில் எங்கிருந்து பிறக்கிறது என்பதே ஆராயவேண்டிய விஷயம். பணமோசடித் தடுப்புச் சட்டம் 2002-ஆம் ஆண்டினது. அதன் விதிகள் 2005-ஆம் ஆண்டினவை. இவற்றையொட்டி ரிசர்வ் வங்கி 2016 பிப்ரவரி 25-ஆம் நாள் வெளியிட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்திய கே.ஒய்.சி. நெறிமுறையில், அதிகாரபூர்வமாகச் செல்லத்தக்க ஆவணம் எது என்பதை வரையறுக்கும் பகுதியோடு ஒரு விளக்கக் குறிப்பு சேர்ந்திருக்கிறது. ஆவணம் வழங்கப்பட்ட பிற்பாடு ஒருவரின் பெயர் மாறியிருந்தாலும், மாநில அரசு அளித்த திருமணச் சான்றிதழோ அந்த மாற்றத்தைக் காட்டும் அரசிதழ் அறிவிப்போ உடனிருந்தால், அந்த ஆவணம் செல்லத்தக்கதாகவே கொள்ளப்படும் என்பது அதன் சாரம். பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டாலும் இவ்விரண்டில் ஒன்றைக் கொண்டுவந்தாக வேண்டும் என்று இக்குறிப்பு கட்டளையிடுவதாகவே முன்னைய ஆராய்ச்சியாளர்களும், நடைமுறையில் சேவை நிறுவனங்களும் வாசித்துவருகின்றனர். அந்த வாசிப்பு பிழையானது என்பது என் கருத்து.

குறிப்பின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஆவணம் பிறந்த நாள் ஒன்று, அதற்குப் பின்னர்ப் பெயர் மாறிய நாள் ஒன்று என இரண்டு காலங்கள் அதில் உள்ளன. முன்னிருந்த பெயர், பின்வந்த பெயர் என இரண்டு பெயர்களும் உள்ளன. இந்த முன்பின் உறவு இல்லாத இடத்தில் குறிப்புக்கு வேலையே கிடையாது. நம் செல்வத்தின் விஷயத்தில் முன்பும் இல்லை, பின்பும் இல்லை. இரா. செல்வம், செல்வம் ஆர், செல்வம் ராமசாமி ஆகிய மூன்றும் ஒரே காலத்தில், ஒரே மனிதருக்கு, ஒரே உண்மையைக் குறித்து வழங்குகின்றன. தகப்பனார் பெயரைச் சுருக்கி எழுதுவதும் விரித்து எழுதுவதும் பெயர் மாற்றமாகா. அப்படியிருக்க அவரை அரசிதழுக்கு அனுப்புவது, இதுகாறும் ஆர். செல்வம் என்றிருந்த நான் இன்றுமுதல் செல்வம் ராமசாமி என்று அழைக்கப்படுவேன் என்று, பிறந்த நாள்தொட்டு ராமசாமியின் மகனாகவே இருந்துவரும் ஒரு பிரஜையைக் கையொப்பமிட்டு அறிவிக்கச் செய்வதாகும். உண்மையை நிலைநாட்ட ஏற்பட்ட ஒரு நடைமுறை, உண்மையல்லாத ஒரு பிரகடனத்தை நிர்ப்பந்தமாகக் கேட்கிறது. இதைச் சிறிய அசௌகரியம் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை.

எதிர்வாதம் ஒன்றைப் பொறுமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். சட்ட வாசகத்தில் ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னால் சொல்லாத மற்றவை விலக்கப்பட்டன என்பது நெடுநாளைய வியாக்கியான நியதி. பெயர் வேறுபாட்டுக்கு இரண்டு பரிகாரங்களை மட்டும் குறிப்பு எண்ணிக் கூறியிருப்பதால் மூன்றாவதற்கு இடமில்லை என்று கண்டிப்பான ஒரு வழக்கறிஞர் சொல்லக்கூடும். இந்த வாசிப்பு முற்றிலும் அசாத்தியம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நியதி, சொல்லப்பட்டதும் விடப்பட்டதும் ஒரே இனமாக இருக்கும்போதுதான் செல்லும். பெயர் மாறியவர்களுக்குச் சலுகையாக ஏற்பட்ட ஒரு குறிப்பை, பெயர் மாறாதவர்களுக்குச் சுமையாகத் திருப்புவதற்கு அந்த நியதி உதவாது. மேலும் அதே நெறிமுறை, வாடிக்கையாளரை ஏற்கும் கொள்கையானது பொதுமக்களுக்கு, முக்கியமாகப் பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கியவர்களுக்கு, நிதிச் சேவை மறுக்கப்படுவதில் கொண்டுபோய் விடலாகாது என்றும் சொல்கிறது. இரண்டு பகுதிகளையும் இசைத்துப் படிப்பதே முறை. இசைத்துப் படித்தால் என் வாசிப்பே நிற்கும்.

வீடியோ முறையைப் பற்றிய பகுதியும் இதற்கு அனுகூலமானது. ஆதார், பான் ஆகியவற்றில் உள்ள அடையாள விவரங்கள் வாடிக்கையாளர் தரும் விவரங்களோடு பொருந்துவதை, அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் உறுதி செய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்று அது கூறவில்லை. பொருந்துகிறதா என்று பார்க்கும் பொறுப்பை ஒரு மனிதரின் விவேகத்திடம் அது ஒப்படைத்திருக்கிறது. அந்த விவேகம் இருக்கவேண்டிய இடத்தில், இரண்டு எழுத்துச் சரங்களை ஒப்பிட்டு ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் நிரலைச் சேவை நிறுவனங்கள் தம் சௌகரியத்துக்காக வைத்துக்கொண்டன. விதியின் கடுமை என்று வர்ணிக்கப்படுவது பெரும்பாலும் இந்த நிரலின் கடுமையே.

ஏன் அவ்வாறு நேர்ந்தது என்பதற்கு ஓர் அனுமானத்தை முன்வைக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியாது. 2018 செப்டம்பர் 26-ஆம் நாள் ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தனியார் நிறுவனங்கள் ஆதார் அங்கீகாரத்தைப் பயன்படுத்த வழிசெய்திருந்த 57-ஆம் பிரிவை அந்த அளவுக்கு நீக்கியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்தக் கதவை ஒரு பகுதியே திறந்தது. விரல்ரேகையோ ஓ.டி.பி.யோ கொண்டு ஆளை நேரே அறியும் வழி குறுகியபோது, அட்டைகளின் எழுத்துகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே எஞ்சிய வழியாயிற்று போலும். தீர்ப்பைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அந்தரங்க உரிமையைக் காத்த அத்தீர்ப்பின் பின்விளைவை, பெயரெழுத்தின் மீது இவ்வளவு பாரத்தை ஏற்றாமலே சமாளித்திருக்கலாம்.

எப்படி என்று கேட்டால், விடை பான் அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளரின் பெயருக்குக் கீழே தந்தையின் பெயர் தனி வரியாக இருக்கிறது. ஆதாரில் 'ஆர்' என்று நிற்கும் எழுத்து எதன் சுருக்கம் என்பதை அந்த இரண்டாம் வரி ஐயத்துக்கிடமின்றித் தெரிவிக்கிறது. செல்வம் என்ற சொல் இரண்டு அட்டைகளிலும் உண்டு; ஆர் என்பது ராமசாமி என்ற இரண்டாம் வரியின் முதலெழுத்து; பிறந்த தேதி ஒன்று; முகம் ஒன்று. வேறு சாட்சியம் எதற்கு? நிரல் முதல் வரியைப் படித்துவிட்டு நின்றுவிடுவதால் மட்டுமே மிஸ்மேட்ச் உண்டாகிறது. இந்த எளிய உண்மை முன்னைய ஆராய்ச்சிகளில் எடுத்துப் பேசப்படாதது எனக்கு வியப்பளிக்கிறது.

அரசின் பிற அங்கங்கள் இத்தகைய நெகிழ்ச்சியை முன்பே கண்டறிந்துள்ளன. பானையும் ஆதாரையும் இணைக்கும்போது பெயரில் சிறு வேறுபாடு தென்பட்டால், ஆதாரில் பதிந்த கைப்பேசிக்கு ஓ.டி.பி. அனுப்பி இணைப்பை முடிக்கும் ஏற்பாட்டை வருமான வரித்துறை 2017-லேயே செய்தது. ஆதார் ஆணையத்தின் அங்கீகார நெறியிலும் முழுப் பொருத்தம், பகுதிப் பொருத்தம் என இருவகை உண்டு. பகுதிப் பொருத்தத்தில் சொற்களின் வரிசை மாறினாலும் குற்றமில்லை. கடல் கடந்த உதாரணமும் ஒன்று உண்டு: 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் கொண்ட பாஸ்போர்ட்டோடு வரும் பயணிகளை ஏற்க மறுத்தபோது, நம் ஊர்ப் பயணிகள் பலர் கலங்கினர், ஆனால் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று சில நாட்களுக்குள்ளாகவே விளக்கம் வந்துவிட்டது. அயல்நாட்டுக் குடியேற்ற அதிகாரிகள் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கச் சம்மதித்தார்கள். ரிசர்வ் வங்கியும்கூட, மாதம் ₹10,000-க்கு மேல் நிரப்ப முடியாத சிறு பணப்பைகளுக்கு, ஓ.டி.பி.யால் உறுதிசெய்த கைப்பேசி எண்ணோடு வாடிக்கையாளர் தாமே அறிவிக்கும் பெயரையும் ஓர் அடையாள எண்ணையும் ஏற்றுக்கொள்கிறது.

பெயர்ப் பொருத்தத்தைத் தளர்த்தினால் மோசடி பெருகும் என்பார்க்கு ஒன்றே சொல்லலாம். கூலிக்குக் கணக்கை வாடகை விடுகிறவன் தன்னுடைய சொந்த, செவ்வையான, ஓர் எழுத்தும் பிசகாத ஆவணங்களைக் கொண்டே கணக்கைத் தொடங்குகிறான். அவனை இந்த நிரல் தடுத்ததில்லை.

தமிழர்களும் மற்ற மாகாணத்தார்போல் நிலையான குடும்பப் பெயர் ஒன்றை ஏற்றுக்கொண்டால் தொல்லை தீரும் என்ற யோசனை நாகரிகமான மொழியில் அவ்வப்போது சொல்லப்படுவதுண்டு. தாம்பரத்திலிருந்து அதே ரயில் பாதையில் தெற்கே சென்றால் வரும் செங்கற்பட்டில், 1929 பிப்ரவரியில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரோடு சாதிப் பட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டொழிக்குமாறு தீர்மானித்தது. அதன் பின் வந்த தலைமுறைகள் பட்டத்தைக் கைவிட்டுத் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு அமைந்தன. பின்னொட்டு இல்லாமை இந்நாட்டில் ஒரு குறைபாடு அல்ல. முயன்று பெற்ற ஒரு பேறு. கட்டத்தை நிரப்புவதற்காக அதை விட்டுக்கொடுக்குமாறு யாரும் கேட்கலாகாது.

2025 ஏப்ரல் 30-ஆம் நாள், அமில வீச்சுக்கு ஆளானோரும் பார்வையற்றோரும் தொடுத்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று கூறியது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு, கண் சிமிட்டிக் காட்ட இயலாதவர்களை உயிருள்ளவர்களாக ஏற்க மறுக்கும் நடைமுறையைத் திருத்தக் கட்டளையிட்டது. அதைத் தொடர்ந்து அவ்வாண்டு ஆகஸ்டில் செய்த திருத்தத்தில், மனம் செலுத்திப் பரிசீலிக்காமல் எந்தக் கே.ஒய்.சி. விண்ணப்பத்தையும் நிராகரிக்கலாகாது, நிராகரித்தால் அலுவலர் காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எழுதியது. இவ்வாசகம் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் உரியதன்று. எல்லா விண்ணப்பங்களையும் தழுவுவது. நிரல் தானாக அனுப்பும் 'நேம் மிஸ்மேட்ச்' என்ற இரு சொற்கள், மனம் செலுத்தியதற்கு அத்தாட்சியாகுமா என்ற கேள்வியை இனி யாரேனும் நீதிமன்றத்தில் எழுப்பினால், ஆகாது என்ற பதிலே கிடைக்கும் என்று நம்புகிறேன்.

நான் சொன்ன இரண்டாம் வரிப் பரிகாரம் எட்டாத ஓர் இடம் உண்டு. மணமான பிறகு தகப்பன் எழுத்தை விட்டுக் கணவன் எழுத்தை ஏற்ற பெண்களின் விஷயத்தில் பெயர் மெய்யாகவே மாறியிருக்கிறது; அவர்களுக்கென்றே விளக்கக் குறிப்பு திருமணச் சான்றிதழைச் சொல்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவுசெய்யக் கட்டாயப்படுத்திய சட்டம் 2009-ஆம் ஆண்டினது. அதற்கு முன்பு கோயிலிலோ மண்டபத்திலோ மணந்தவர்களுள் பலரிடம் அந்தச் சான்றிதழ் கிடையாது. பான் அட்டையின் இரண்டாம் வரி தந்தையைச் சொல்ல, ஆதாரின் முகவரி கணவரைச் சொல்ல, இரண்டையும் பிணைக்கும் மூன்றாவது தாள் குடும்ப அட்டையாகவே பெரும்பாலும் இருக்கிறது. அதைச் செல்லத்தக்க ஆவணங்களின் பட்டியலில் சேர்க்காவிட்டாலும், பெயர்த் தொடர்ச்சியைக் காட்டும் சாட்சியமாகவேனும் அலுவலர் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி ஒரு வாக்கியம் எழுதினால் போதும்.