இலவச டிவியில் கான்ட்ரா, இலவச லேப்டாப்பில் வைஸ் சிட்டி: கிராமத்துக்கு வீடியோ கேம் வந்து சேர்ந்தது எப்படி?

தேனி மாவட்டம் உத்தமபாளையம் பக்கத்தில் இருக்கிறது ராயப்பன்பட்டி. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் திராட்சைப் பந்தல்கள், அருகிலேயே சண்முகாநதி அணை. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் விற்கும் பெரிய ஷோரூமைத் தேடி இங்கே யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் கம்பம் பள்ளத்தாக்கின் இதுபோன்ற ஊர்களில் 30 வயதைத் தாண்டியவர்களிடம் "கான்ட்ரா தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். 30 லைஃப் வாங்கும் ரகசியத்தையும் சேர்த்துச் சொல்ல ஒருவராவது இருப்பார்.

கடையே இல்லாத ஊருக்கு கேம் எப்படி வந்தது? வேறு ஏதோ வேலைக்காக வீட்டுக்கு வந்த மெஷின்கள் வழியாகத்தான். முதலில் டிவி, அப்புறம் லேப்டாப், கடைசியில் செல்போன். ஒவ்வொரு முறையும் மெஷின் மாறியது, கூடவே காசு போகும் வழியும் மாறியது. அது எப்படி என்று பார்ப்போம்.

முதல் கட்டம்: 14 இன்ச் கலர் டிவி

2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக கொடுத்த முக்கிய வாக்குறுதி இலவச கலர் டிவி. அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட டிவிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. நியூஸ், சினிமா, சீரியல் பார்க்கத்தான் அந்த டிவி. ஆனால் லீவு நாளில் பெரியவர்கள் வேலைக்குப் போனதும் அது பசங்க கைக்கு வந்துவிடும்.

டிவியோடு சேர்க்க ஒரு 'டிவி கேம்' பொட்டி போதும். சில நூறு ரூபாய்க்கு பஜார் கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் கிடைத்தது. மஞ்சள் பின்னைச் செருகினால் படம், வெள்ளை பின்னைச் செருகினால் சத்தம். டிவியில் அந்த ஓட்டை இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொட்டியின் ஒயரைச் செருகி, சேனலைத் தேடிப் பிடித்தால் மரியோ வந்து நிற்பார்.

பொட்டிக்குள் என்ன இருந்தது?

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற கேம் மெஷினை வெளியிட்டது. சுருக்கமாக ஃபேமிகாம். நம்மூரில் விற்ற பொட்டிகள் அதைப் பார்த்து மற்ற நிறுவனங்கள் செய்த நகல்கள். ஒரிஜினலில் பல சிப்கள் செய்த வேலையை, பிற்கால நகல்களில் ஒரே சிப்புக்குள் அடக்கினார்கள். பொட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: பச்சை போர்டின் நடுவில் கறுப்பாக ஒரு பசைத் துளி. மொத்த மெஷினும் அதற்குள்தான். விலை அவ்வளவு குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரிஜினல் மெஷினின் வேலை நினைவகம் வெறும் 2 கேபி. இன்றைய 4 ஜிபி ரேம் போனில் அதைப்போல சுமார் 21 லட்சம் மடங்கு இருக்கிறது. 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' கேம் முழுவதுமே சுமார் 40 கேபிதான். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படம் பெரும்பாலும் அதைவிடப் பெரியது!

'9999999 கேம்ஸ்' நிஜமா?

கேசட் மேல் ஒட்டியிருந்த அந்த நம்பரை நம்பி ஏமாறாத பசங்க குறைவு. உள்ளே இருந்தவை சில கேம்கள்தான். அதே கேமை இரண்டாவது லெவலிலிருந்து தொடங்கினால் ஒரு புதுப் பெயர், கலரை மாற்றினால் இன்னொரு பெயர் என்று லிஸ்ட்டை நீட்டியிருப்பார்கள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி முதல் கேமே வரும்.

30 லைஃப் ரகசியம் எங்கிருந்து வந்தது?

மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. கான்ட்ரா தொடங்கும் முன் இதை அழுத்தினால் மூன்று உயிருக்குப் பதில் 30 உயிர். இந்த வரிசையை உருவாக்கியவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-ல் 'கிரேடியஸ்' என்ற கேமை ஃபேமிகாமுக்கு மாற்றும் வேலையில் இருந்தார். கேம் ரொம்பக் கஷ்டமாக இருந்ததால், சோதித்துப் பார்க்க வசதியாகத் தனக்கென இந்தக் குறுக்கு வழியை வைத்தார். அது கேமிலேயே தங்கிவிட்டது. 2020 பிப்ரவரியில் அவர் காலமானபோது உலகம் முழுவதும் கேம் ரசிகர்கள் அஞ்சலி செலுத்தினார்கள்.

நம்மூர் பசங்களுக்கு இந்த ரகசியம் ரொம்பவே தேவைப்பட்டது. கான்ட்ராவில் 'சேவ்' வசதி கிடையாது. 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. கடைசி லெவலில் கரண்ட் போனால் முதலிலிருந்துதான்.

கேசட்டை ஊதினால் வேலை செய்யுமா?

படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி 'ஃபூ' என்று ஊதுவது எல்லா ஊரிலும் இருந்த வைத்தியம். சில நேரம் படமும் வரும். ஆனால் அதற்குக் காரணம் ஊதியது அல்ல, கழற்றி மறுபடி செருகியது. அப்போது பின்கள் சரியான இடத்தில் உட்கார்ந்துவிடும். ஊதும்போது எச்சில் ஈரம் உலோகத்தில் பட்டு, நாளாக நாளாக அரிக்கத்தான் செய்யும். பழைய கேசட் வைத்திருப்பவர்கள் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைப்பது நல்லது. நன்றாகக் காய்ந்த பிறகே செருக வேண்டும்.

வாத்து சுடும் துப்பாக்கி இப்போ ஏன் சுடுவதில்லை?

பரணிலிருந்து பழைய பொட்டியை எடுத்து, புது எல்இடி டிவியில் மாட்டிப் பார்த்தவர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். மரியோ ஓடுவார், ஆனால் துப்பாக்கி வேலை செய்யாது. பொட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே வருவதில்லை. அதன் முனையில் இருப்பது ஒளியை உணரும் ஒரு சின்ன சென்சார். ட்ரிக்கரை அழுத்தியதும் கண் இமைக்கும் நேரத்துக்குத் திரை முழுக்கக் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். சென்சார் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து காலி. படக்குழாய் டிவி சிக்னல் வந்த அதே நொடியில் படத்தை வரைந்துவிடும். எல்இடி டிவியோ படத்தை வாங்கி, சரிசெய்து, அதன்பிறகே காட்டும். அந்தச் சின்னத் தாமதத்தில் வெள்ளைக் கட்டத்தைத் துப்பாக்கி தவறவிட்டுவிடுகிறது. அதனால் அந்தக் காலத்து இலவச டிவி வேலை செய்யும் நிலையில் இருந்தால், துப்பாக்கிக்கு இன்றும் அதுதான் சரியான ஜோடி.

இரண்டாம் கட்டம்: அரசு லேப்டாப்

2011-ல் ஆட்சி மாறியது. அதே செப்டம்பர் 15-ல் முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினார். அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக எல்காட் நிறுவனம் லேப்டாப்களை வாங்கிக் கொடுத்தது. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அதில் இருந்தது.

படிப்பதற்காக வந்த லேப்டாப்பில் 'ஜிடிஏ வைஸ் சிட்டி' ஏறியது எப்படி? காரணம் ரொம்ப எளிது. அந்த கேம் கம்ப்யூட்டருக்கு வந்தது 2003-ல். அதற்குத் தேவைப்பட்டது 128 எம்பி ரேம், ஒரு ஜிபிக்கும் குறைவான இடம். அரசு லேப்டாப்பில் 2 ஜிபி ரேம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டாலும் வழுக்கிக்கொண்டு ஓடியது. கரண்ட் போனாலும் பேட்டரி இருந்ததால் ஆட்டம் நிற்கவில்லை. பாதியில் 'சேவ்' செய்துகொள்ளவும் முடிந்தது.

இன்டர்நெட் இல்லாத ஊர்களுக்கும் பென்டிரைவ் வழியாகவே கேம் பரவியது. அப்படிப் பரவியவை பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாத நகல்கள். கூடவே வைரஸும் இலவசமாக வந்தது. ஆனால் அதிலும் ஒரு லாபம் இருந்தது. கேம் ஓடவில்லை என்றால் டிரைவர் போடுவது, விண்டோஸை மறுபடி ஏற்றுவது, ஃபைலைத் தேடி மாற்றுவது எல்லாம் தெரிந்தாக வேண்டும். கம்ப்யூட்டர் வகுப்பில் வராத பாடம் கேம் வழியாக வந்தது.

மூன்றாம் கட்டம்: செல்போன்

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது, டேட்டா விலை சரிந்தது. 2018-ல் 'பப்ஜி மொபைல்' வந்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக வீட்டில் இல்லாத காசைப் புரட்டி போன் வாங்கிக் கொடுத்தார்கள். மூன்றாவது முறையாக, வேறு வேலைக்கு வந்த மெஷின் கேம் மெஷினும் ஆனது.

2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு தடை செய்த 118 ஆப்களில் பப்ஜியும் ஒன்று. 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் அதை 'பிஜிஎம்ஐ' என்ற பெயரில் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதுவும் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. 'ஃப்ரீ ஃபயர்' 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது.

அப்போ எது குற்றம், எது இல்லை?

குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான்.

பணம் கட்டி, ஜெயித்தால் பணம் கிடைக்கும் என்று ஆடுவது 'ஆன்லைன் மணி கேம்'. திறமை சார்ந்ததோ, அதிர்ஷ்டம் சார்ந்ததோ, எல்லாவற்றையும் தடை செய்யும் மத்திய சட்டம் 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதலைப் பெற்றது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை கிடையாது.

அதற்கு முன்பே தமிழ்நாடு 2022-ல் தனிச் சட்டம் இயற்றியது. பணம் வைத்து ஆடும் கேம்களில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதியில்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்று 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன. அந்த விதிகள் செல்லும் என்று அதே ஆண்டு ஜூன் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளுக்கும், பந்தயம் இல்லாத பொழுதுபோக்கு கேம்களுக்கும் மத்திய சட்டத்தில் தடை இல்லை.

சட்டம் பிடிக்காத செலவு

பிஜிஎம்ஐ போன்ற கேம்களில் 'யுசி' வாங்கி, டிரெஸ்ஸும் துப்பாக்கிக்குக் கலரும் வாங்குகிறார்கள். இதில் பந்தயம் இல்லை, ஜெயித்துப் பணம் எடுக்கவும் வழியில்லை. அதனால் இது மணி கேம் கணக்கில் வராது. பணம் போகும், திரும்பி வராது, அவ்வளவுதான். டிவி கேம் பொட்டிக்கு ஒரே ஒரு தடவைதான் காசு. போன் கேம் இறக்குவது இலவசம், ஆட ஆடத்தான் காசு. திராட்சை வெட்டிய காசு அம்மாவின் பேங்க் கணக்கில் இருக்க, அதே நம்பர் இருக்கும் போன் பிள்ளை கையில் இருந்தால் ஆபத்து அங்கேதான்.

வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியவை:

• பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள்.

• யுபிஐ பின்னைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். முடிந்தால் கேம் ஆடும் போனில் பேங்க் ஆப்பே வேண்டாம்.

• தெரியாமல் ஏதாவது வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் ரீஃபண்ட் கேட்டுப் பாருங்கள்.

• "ஃப்ரீ யுசி தருகிறோம்" என்று வரும் லிங்க்கைத் தொட வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

• பிஜிஎம்ஐயில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேர வரம்பு உண்டு. பெரியவர் வயதைக் கொடுத்து உள்ளே நுழைந்தால் அந்த வரம்பு வேலை செய்யாது. கணக்கில் என்ன வயது இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

எல்லா கேமும் துப்பாக்கிதானா?

இல்லை. 2023 ஜூலையில் 'வெண்பா' என்று ஒரு கேம் வந்தது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கியது. கிழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இட்லி அவிப்பதும், பிரியாணி செய்வதும்தான் ஆட்டம். 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும், உள்ளே போய் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவிப்பு வந்தது. படிக்கத்தான் தருகிறார்கள். ஆனால் அதிலும் கேம் ஏறும், அதை யாராலும் தடுக்க முடியாது. எந்த கேம், யாருடைய காசில் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யலாம்.