வாளியில் பிடித்த காற்று

மேட்டூர் என்றதும் எல்லோரும் தண்ணீர்க் கணக்கைத்தான் எடுப்பார்கள். 120 அடி, 93.47 டி.எம்.சி., ஜூன் 12, டெல்டா பாசனம். இன்னொரு கணக்கும் உண்டு. 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது. 1937-ல் அதன் அடிவாரத்தில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். தண்ணீர் தஞ்சாவூருக்குப் போய்விட்டது. மின்சாரமோ ஒவ்வொரு ஆலையாக மேட்டூருக்கு அழைத்து வந்தது. அணையின் இந்தப் பாதி வரலாறு பாடப் புத்தகத்தில் கிடையாது. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

முதலில் வந்தது மேட்டூர் கெமிக்கல்ஸ். சேஷசாயி குழுமத்தார் 1936-ல் நிறுவிய கம்பெனி. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் பிரிந்து வரும். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு ஏறக்குறைய 2,500 யூனிட் மின்சாரம் போகும். சோப்பு, காகிதம், துணி என்று அதை வாங்க நாடே காத்திருந்தது. அடுத்து அலுமினியம். அது மின்சாரத்தைக் குடிக்கும் உலோகம். ஒரு டன் எடுக்க 14,000, 15,000 யூனிட் வேண்டும். மேட்டூர் சுரங்க மின்நிலையம் வந்த அதே 1965-ல்தான் மால்கோ என்று ஊர் அழைக்கும் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனியும் உற்பத்தியைத் தொடங்கியது. மின்சாரம் பக்கத்திலேயே, பாக்சைட் தாது ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும், தண்ணீர் காவிரியில். இதைவிடத் தோதான இடம் யாருக்குக் கிடைக்கும்? 1967-ல் அமெரிக்காவின் பி.எஃப்.குட்ரிச் கம்பெனியோடு சேர்ந்து கெம்பிளாஸ்ட் பி.வி.சி. தயாரிக்க ஆரம்பித்தது. 1987-ல் அனல் மின்நிலையமும் வந்து சேர்ந்தது.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இந்தியாவில் 1974-ல்தான் பிறந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல். மேட்டூரின் முதல் ரசாயன ஆலைக்கும் அதைக் கண்காணிக்க வேண்டிய வாரியத்துக்கும் நடுவே 46 ஆண்டுகள். அந்த இடைவெளியில் எந்தக் கழிவு எங்கே போனது என்பதற்கு முறையான அரசுக் கணக்கைத் தேடினால் அகப்படாது.

1974-ல் அமெரிக்காவில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்ற ஊர். அங்கே இருந்ததும் குட்ரிச்சின் பி.வி.சி. ஆலைதான். கல்லீரலில் வரும் மிக அரிதான ஒரு புற்றுநோய், ஒரே ஆலையின் தொழிலாளர்கள் சிலருக்கு வந்திருப்பதை ஆலை மருத்துவர் ஜான் கிரீச் கவனித்தார். மருத்துவர்கள் பலர் ஆயுள் முழுக்க ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திராத நோய் அது. பி.வி.சி.க்கு மூலமான வினைல் குளோரைடு வாயுதான் காரணம் என்று உறுதியானது. சில மாதங்களில் அமெரிக்கா அதன் அளவுக்குக் கடுமையான வரம்பு விதித்தது. ஒரே ஆளின் கையில் நோயும் ஆலையும் ஒரே பட்டியலில் இருந்ததால் பிடிபட்ட விஷயம் இது. வேலிக்கு வெளியே குடியிருக்கும் ஊருக்கு ஏது ஆலை மருத்துவர், ஏது பட்டியல்?

அந்த வேலிக்கு வெளியேதான் மேற்கு கோனூர் இருக்கிறது. ஆலைக் கழிவு ஓடையில் கலந்து, வயல்களின் ஓரமாக ஓடி, காவிரியில் சேர்கிறது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போய்விட்டது. மாடு குடித்தால் நோய் வருகிறது. இவை அந்த ஊர் விவசாயிகளின் பல்லாண்டுப் புகார்கள். கம்பெனிகள் மறுத்தே வந்தன. கோனூர்க்காரர்கள் விவசாயிகள் நலச் சங்கம் என்று ஒன்றைப் பதிவு செய்துகொண்டு மனுவும் கையுமாக அலைந்தார்கள். கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், வாரியத்தின் மாவட்ட அலுவலகம்.

மனு போட்டால் என்ன நடக்கும் என்பது ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எவருக்கும் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குக் கண் எரிச்சலில் ஊரே எழுந்து உட்காரும். காலையில் போன் செய்தால் அதிகாரி மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வருவார். அதற்குள் காற்று திசை மாறியிருக்கும், ஓடை தெளிந்திருக்கும். எங்கே நாற்றம், எங்கே ஆதாரம் என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்லும் கருவி ஊரின் கையில் இல்லை என்பதுதான் சிக்கல்.

அந்தக் கருவி ஒரு பிளாஸ்டிக் வாளியாக வந்தது.

கலிபோர்னியாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டி வசித்த மக்களுக்காக 1995-ல் உருவானது அது. எட் மேஸ்ரி என்ற வழக்கறிஞர் செலவு செய்து செய்வித்தார். வீட்டில் இருக்கும் மூடி போட்ட வாளி போலத்தான் இருக்கும். உள்ளே ரசாயனம் ஒட்டாத, ஒளி ஊடுருவும் ஒரு பை. பையின் வாய் வாளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சின்ன பம்ப் ஒன்றால் வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால், வெளிக்காற்று தானாகவே பைக்குள் புகுந்து உப்பும். சில நிமிட வேலை. பிறகு பையை மூடி, நாள், நேரம், இடம், காற்றின் திசை எல்லாம் எழுதி, கூரியரில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். 72 மணி நேரத்துக்குள் பரிசோதித்தாக வேண்டும். இங்கே எடுத்த பைகள் கலிபோர்னியாவுக்கே விமானம் ஏறின.

தமிழ்நாட்டில் இந்த வாளியை முதலில் எடுத்தது கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கும் கிராமத்தார்கள். நித்யானந்த் ஜெயராமன் போன்ற சூழல் செயல்பாட்டாளர்கள் பயிற்சி கொடுத்தார்கள். நாற்றம் வரும்போதெல்லாம் ஒரு நோட்டில் தேதி, மணி, என்ன மாதிரி நாற்றம், யாருக்கு என்ன செய்தது என்று குறித்தார்கள். அழுகிய முட்டை என்று ஒருவர் எழுதுவார், அழுகிய முட்டைக்கோஸ் என்று இன்னொருவர். ரசாயனம் தெரிந்தவருக்கு முதல் வரி ஹைட்ரஜன் சல்பைடு, இரண்டாவது மெர்காப்டன். பள்ளிக்கூடம் போகாத மூக்கும் ஆய்வகமும் சொன்னது ஒன்றாகவே இருந்தது. 2004-ல் வெளியான கடலூர் அறிக்கை, அந்தக் காற்றில் குறைந்தது 22 நச்சு ரசாயனங்கள் இருப்பதாகச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அமைத்த அபாயக் கழிவுக் கண்காணிப்புக் குழு வரையில் அது பேசப்பட்டது. அதே முறையோடு மேட்டூர்க்காரர்களும் இணைந்தார்கள். கடலூரும் மேட்டூரும் ஒன்றுக்கொன்று ஆள் அனுப்பிக் கற்றுக்கொடுத்துக்கொண்டதுதான், என்னைக் கேட்டால், வாளியைவிடப் பெரிய கண்டுபிடிப்பு.

2005-ல் இந்திய மக்கள் தீர்ப்பாயம் என்ற மக்கள் அமைப்பு மேட்டூரை எடுத்துக்கொண்டது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி அக்பர் பாஷா காதிரி தலைமையில், கெம்பிளாஸ்ட், மால்கோ இரண்டையும் பற்றி ஊர்க்காரர்களிடம் கேட்டு அறிக்கை எழுதியது. சட்டப்படி அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. ஒரு கம்பெனியையும் மூட முடியாது, ஒரு ரூபாய் அபராதமும் போட முடியாது. ஆனால் அதுவரை மனுக்களாகவே கிடந்ததெல்லாம் ஒரு நீதிபதியின் பெயரோடு புத்தகமானது. ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போனாலும் பத்திரிகைக்காரர் வந்தாலும் எடுத்து நீட்ட ஒன்று கிடைத்தது.

இது அத்தனையும் ஆலையடிக் கதை. மலை மேல் நடந்தது வேறு.

அலுமினியத்துக்கு வேண்டிய பாக்சைட், மலையின் தலையில் தொப்பி மாதிரி கிடக்கும் தாது. நுண்துளைகள் நிறைந்த அந்த மண்ணடுக்குதான் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் ஊற்றாக விடுகிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் புறப்படும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்தைத் தாண்டி, நாமக்கல் மாவட்டத்தில் நன்செய் இடையாறு அருகே காவிரியில் சேர்கிறது. கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே மலையாளிப் பழங்குடிகளின் மிளகும் பலாவும் சாமையும். 2000-களின் நடுவில் சேலத்தில் ‘ஸ்பீக் அவுட் சேலம்’ என்று ஒரு சிறு குழு கிளம்பியது. பியூஷ் மானுஷ் அதன் முகங்களில் ஒருவர். கொல்லிமலையில் முறையான சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் தாது வெட்டப்படுகிறது என்று அது குற்றம்சாட்டியது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபரில் முழுதாக நடைமுறைக்கு வந்திருந்தது. பத்து ரூபாய் கட்டணத்தில் அரசாங்கக் கோப்பைப் புரட்டலாம் என்றானபோது, ஆதாரம் கேட்கும் வேலை கைமாறியது. இப்போது ஊர் கேட்டது, அலுவலகம் தேடியது.

ஊர் சேர்த்த ஆதாரங்களின் எதிரொலி எங்கே கேட்டது என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்: நார்வேயில். அந்த நாட்டு அரசின் ஓய்வூதிய நிதி உலகம் முழுக்கப் பங்கு வாங்கி வைத்திருக்கும் பெரும் பணப்பெட்டி. மால்கோவை 1990-களில் வாங்கியிருந்த வேதாந்தா குழுமத்திலும் அதற்குப் பங்கு இருந்தது. நிதியின் அறநெறிக் குழு 2007-ல் வேதாந்தாவின் நான்கு இந்தியக் கம்பெனிகளை ஆராய்ந்தது. தூத்துக்குடி ஸ்டெர்லைட், சத்தீஸ்கரின் பால்கோ, ஒடிசாவின் லாஞ்சிகர், நம்முடைய மால்கோ. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பக்கத்தில் கொட்டப்பட்ட, பாக்சைட்டின் கழிவான சிவப்புச் சகதியும் அதில் பேசப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் நார்வே தன் நிதியிலிருந்து வேதாந்தாவை விலக்கியதாக அறிவித்தது. கோனூர்ப் பக்கத்து ஆள் ஓஸ்லோவுக்குப் போகவில்லை. அவர் சேர்த்து வைத்த காகிதம் போயிற்று.

2008 இறுதியில் மால்கோ அலுமினிய உற்பத்தியை நிறுத்தியது. இதைப் போராட்டத்தின் வெற்றி என்று மட்டும் எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆண்டு உலகப் பொருளாதாரம் சரிந்தது. ஜூலையில் டன்னுக்கு 3,000 டாலரைத் தாண்டியிருந்த அலுமினியம் டிசம்பரில் பாதி விலைக்கு வந்துவிட்டது. மலையில் தாது கிடைப்பதும் சிக்கலாகியிருந்தது. தாது விஷயத்தில் மக்களின் கை இருந்தது, விலைச் சரிவில் இல்லை. சிவப்புச் சகதியோ ஆலை மூடினால் போய்விடுவதல்ல. காரம் ஏறிய அந்தக் கழிவு என்ன செய்யும் என்பதை 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்க்கா நகரத்தில் உலகம் பார்த்தது. தேக்கத்தின் கரை உடைந்து பத்துப் பேர் இறந்தார்கள்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஆலைக்கு எதிராக மனுவில் கையெழுத்துப் போட்டவரின் மகனோ மருமகனோ அதே ஆலையில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போவது ஆலை நகரங்களில் சாதாரணம். நிலம் கெட்டுப்போனவனுக்கு வேலையும் அங்கேதான். சோறு போடும் கம்பெனியைக் குறை சொல்லலாமா என்று உறவுக்குள்ளேயே பேச்சு வரும், பேச்சு நின்றும் போகும். வெளியூரிலிருந்து வந்து இயக்கம் கட்டுகிறவர்கள் இதைப் புரிந்துகொள்ளாத இடங்களில் சங்கம் இரண்டாகப் போயிருக்கிறது. தொழிலாளியின் உடம்பும் பக்கத்து வயலும் ஒரே விஷத்தைத்தான் வாங்குகின்றன என்று சொல்ல முடிந்த இடங்களில்தான் ஓரளவு நின்றிருக்கிறது.

கொல்லிமலைக்குப் பிறகு பியூஷ் மானுஷ் 2010-ல் சேலம் மக்கள் குழுவைத் தொடங்கி, 58 ஏக்கர் மூக்கனேரியைத் தூர்வாரி மீட்கும் வேலைக்குப் போனார். 2016 ஜூலையில் முள்ளுவாடி கேட் மேம்பாலப் பணியை மறித்ததற்காகச் சிறைக்கும் போனார். நாமக்கல் பக்கம் மோகனூர் வட்டத்தில் வளையப்பட்டி, என்.புதுப்பட்டி, அரூர் விவசாயிகள் சிப்காட் வேண்டாம் என்று இயக்கம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கதைக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

இப்போது மறுபடி மின்சாரத்துக்கு வருவோம். 1930-களில் மின்சாரமும் தண்ணீரும் இருக்கும் இடம் தேடிக் குளோரின் வந்தது. இன்று கணினிகளை ஓட்டவும் குளிர்விக்கவும் அதே இரண்டையும் தேடி டேட்டா சென்டர் வருகிறது. தமிழ்நாடு 2021-ல் அதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. புகைபோக்கி இல்லை, நாற்றம் இல்லை. வாளியில் பிடிக்க ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் சிலி நாட்டின் செரிலோஸ் மக்கள் பிடித்தார்கள். சாண்டியாகோ நகரை ஒட்டிய அந்தப் பகுதியில் டேட்டா சென்டர் அமைக்கக் கூகுள் கொடுத்த விண்ணப்பத்தை 2019-ல் சாதாரண ஆட்கள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தார்கள். நொடிக்கு 169 லிட்டர் நிலத்தடி நீர் என்று ஒரு வரி கிடைத்தது. நாளொன்றுக்குக் கணக்குப் போட்டால் ஒரு கோடியே 46 லட்சம் லிட்டர். வறட்சியில் தவித்த நாடு அது. 2024-ல் அங்கத்திய சுற்றுச்சூழல் நீதிமன்றம் அனுமதியின் ஒரு பகுதியை ரத்து செய்தது. காற்றால் குளிர்விக்கும் முறையோடு புதிதாகத் தொடங்குகிறோம் என்று கூகுள் சொன்னது.

நம் ஊரில் ஒரு வித்தியாசம். ரசாயன ஆலையோ சுரங்கமோ வந்தால், 2006-ம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுவாக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். 30 நாள் முன்னதாக அறிவிப்பு, கலெக்டரோ அவர் சார்பில் அதிகாரியோ மேடையில், மைக் ஊர்க்காரர் கையில். மேட்டூர் தலைமுறைக்கு மிகவும் உதவிய மேடை அது. அதே அறிவிக்கையில் டேட்டா சென்டருக்கென்று தனி இனம் கிடையாது. கட்டடம் 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் கட்டுமானத் திட்டம் என்ற இனத்தில் வரும். அந்த இனத்துக்குக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு.

மிச்சமிருப்பது விண்ணப்பம். அது மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் ஏறும். தினசரித் தண்ணீர்த் தேவை எத்தனை கிலோ லிட்டர், அது எங்கிருந்து வரும் என்று அதில் கட்டம் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். கம்பெனி தன் கையாலேயே நிரப்ப வேண்டிய கட்டம் அது.

(அடுத்த இதழில்: கஞ்சமலையின் இரும்பு)