உள்ளிருந்தா, வெளியிலிருந்தா? - மலையகத் தமிழரின் விண்ணப்ப வரலாறு

நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற விடுமுறையில் கவரைப்பேட்டைக்கு வந்திருந்தார். அமெரிக்காவில் மென்பொருள் துறையில் பணிபுரிபவர். பணியின் அடிப்படையில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை, அதாவது வழக்கில் ‘கிரீன் கார்டு’ எனப்படுவதைப் பெற முயன்றுகொண்டிருப்பவர். அதற்கு இரு வழிகள் உள்ளன என்றார். அந்நாட்டிலேயே இருந்துகொண்டு தம் நிலையை மாற்றித்தருமாறு விண்ணப்பிப்பது ஒன்று. தாய்நாட்டுக்கு வந்து தூதரகத்தின் வழியாகக் குடியேற்ற விசா பெறுவது மற்றொன்று. உள்ளிருந்து விண்ணப்பிப்போருள் பலர், முன் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டவர்களாகக் கருதப்படுவர். சில வகை விசாவினருக்கு மட்டுமே விலக்கு உண்டு. “ஊருக்கு வந்து போவதற்கே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது சார்” என்று அவர் சொன்னது நம்மை வரலாற்றின் பக்கம் திருப்பியது.

உள்ளிருந்தே விண்ணப்பிக்கும் இவ்வழி அமெரிக்கச் சட்டத்தில் முறையாக இடம்பெற்றது 1952-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர், அந்நாட்டிலேயே வாழ்ந்து வந்தவர்கள்கூட அண்டைநாடான கனடாவுக்குச் சென்று, குடியேற்ற விசா பெற்று, புதிதாக வருபவர்போல் மீண்டும் நுழையும் நடைமுறை இருந்தது. ஒருவர் எத்தனை காலம் எங்கே உழைத்தார் என்பதைவிட, விண்ணப்பிக்கும் வேளையில் எங்கே நிற்கிறார் என்பதே சட்டத்துக்குப் பெரிதாகிறது. இதே வினாவை நம்மவர்கள் இலட்சக்கணக்கில் எதிர்கொண்ட வரலாறு ஒன்று நமக்கு மிக அருகிலேயே உண்டு. கவரைப்பேட்டைக்கு அடுத்த இரயில் நிலையமான கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பதை வாசகர்கள் அறிவர். இத்தகைய முகாம்களில் வாழ்வோருள் ஒரு பகுதியினர், தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழகத்து உழைப்பாளிகளின் வழிவந்தவர்கள். அவர்களின் முன்னோர் எழுதிய விண்ணப்பங்களின் கதையே இக்கட்டுரை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழக மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தனர். கடன்பட்ட தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்த ‘துண்டு’ முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. இம்மக்கள் தோட்டத்து ‘லயன்’ அறைகளில் பிறந்து, மணந்து, மடிந்தனர். எனினும் ஊர்த்திருவிழாவுக்கும் பெற்றோரின் இறுதிக்கடனுக்கும் கடல் கடந்து வந்து சென்றனர். வேரை இங்கும் கிளையை அங்கும் வைத்திருப்பதை அவர்கள் முரண்பாடாக எண்ணியதில்லை.

அது முரண்பாடே என்று முடிவு செய்தது புதிய நாட்டின் சட்டம். விடுதலை பெற்ற இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், வழிவழியாக வரும் குடியுரிமைக்குத் தந்தையோ, பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த தோட்ட மக்களிடம் அதற்கான சான்று ஏது? அவர்களுக்கெனவே 1949-இல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் (குடியுரிமை) சட்டம் வந்தது. விண்ணப்பிப்பவர் 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன்னர், மணமானவராயின் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவராயின் பத்து ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் அத்தொடர்ச்சி அறுந்துபோகும். போதிய வருமானமோ தொழிலோ இருக்க வேண்டும். மனைவியும் இளம்பிள்ளைகளும் இலங்கையிலேயே வாழ்ந்து வந்திருக்க வேண்டும்.

உழைப்பு ஒரு தகுதியாக இச்சட்டத்தில் இடம்பெற்றிருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். தோட்டத் தொழிலாளியிடம் அத்தகுதி குறைவின்றி இருந்தது. அவர் தோற்றது ‘இடையறாது’ என்ற ஒரு சொல்லில். பிரசவத்துக்காக மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பியதும், நோயுற்ற தகப்பனைப் பார்க்கப் போய் ஓராண்டு தங்கிவிட்டதும், வேற்று நாட்டின்மீதான பற்றுக்குச் சான்றுகளாயின. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்தமையால், விண்ணப்பங்கள் கெடு முடியும் 1951 ஆகஸ்ட் மாதத்தை ஒட்டியே பெருமளவில் குவிந்தன. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் குறிக்கும் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. ஏற்கப்பட்டோர் சுமார் 1,34,000 பேரே. எஞ்சியோர் எந்நாட்டுக்கும் உரியரல்லாத ‘நாடற்றவர்’ ஆயினர்.

1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேர் என மதிப்பிடப்பட்டோருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதெனவும் இரு பிரதமர்களும் உடன்பட்டனர். அந்த எச்சத்தையும் 1974-இல் ஆளுக்கு 75,000 எனப் பகிர்ந்துகொண்டனர். பகிரப்பட்டவர்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. இந்தியாவைக் கண்ணால் காணாதவர்களும் கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு விண்ணப்பித்து, இலங்கையில் நின்றவாறே இந்தியர் ஆயினர்.

இங்கும் ‘உள்ளா, வெளியா’ என்ற வினா தலைகாட்டியது. ஏழு பேர் இந்தியாவுக்கு எனில் நால்வருக்கு இலங்கைக் குடியுரிமை என்பது விகிதம். எழுவர் இந்தியக் குடியுரிமை பெற்றாலே போதுமா, அல்லது கப்பலேறிப் போய்விட வேண்டுமா? பதிவே போதும் என்றது 1967-ஆம் ஆண்டுச் சட்டம். உடலாலும் வெளியேற வேண்டும் என்றது 1971-ஆம் ஆண்டுத் திருத்தம். ஒரு தொழிலாளியின் குடியுரிமை அவர் உழைப்பில் அன்றி, அடுத்த லயனில் இருந்தவர் தலைமன்னாரில் கப்பலேறும் நாளில் தங்கியிருந்தது. அப்படி ஏறியவர்கள் இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமை அடைந்தனர். முன்பு இலங்கைக்குச் செல்லும் தொழிலாளர் தங்கவைக்கப்பட்ட அதே முகாம். பின்னாளில் ஏதிலியர் வந்து சேர்ந்ததும் அங்கேதான்.

1983-ஆம் ஆண்டு வன்முறையும் தொடர்ந்த போரும் கணக்கு முடியுமுன்பே கப்பல் போக்குவரத்தை நிறுத்தின. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மலையகத்திலேயே தங்கிவிட்டோர் பலர். குடியுரிமை எதுவுமின்றி உயிருக்கு அஞ்சித் தமிழகத்துக்கு ஓடிவந்தோரும் பலர். 2003-இல் இலங்கை நாடாளுமன்றம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. உள்ளே இருந்தவர்களின் அரை நூற்றாண்டுத் துயர் தீர்ந்தது. ஆனால் ஓடிவந்தவர்கள் வெளியே இருந்தார்கள்! வன்முறையால் வெளியேறி இந்திய முகாம்களில் வாழ்வோரையும் சேர்க்க, 2009-இல் மற்றொரு திருத்தம் தேவைப்பட்டது.

இந்தியாவிலோ அவர்கள் நிலை வேறு வகையில் சிக்கலானது. பத்தாண்டுகள், முப்பதாண்டுகள் இங்கே வாழ்ந்தும், உரிய ஆவணமின்றி நுழைந்தவர்கள் என்பதால் அவ்வாழ்க்கை குடியுரிமைக்கான கணக்கில் சேர்வதில்லை. தமிழக அரசு 2021-இல் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. சட்டநிலையோ அப்பெயரோடு சேர்ந்து மாறவில்லை. 1980களில் வந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையை அரசு ஆராய்ந்து முடிவெடுக்குமாறு 2019 ஜூன் மாதம் பணித்தது. பிரதமர்கள் இருவர் கையெழுத்திட்டு ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும், அம்மக்கள் இன்னொரு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது.

நம் மாணவரையும் தோட்டத் தொழிலாளியையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. அவரிடம் கடவுச்சீட்டு உண்டு, வழக்கறிஞர் உண்டு, எல்லாம் பொய்த்தால் திரும்பி வர ஒரு நாடு உண்டு. ஆயினும் இருவரும் கேட்டது ஒன்றையே: நான் இங்கே உழைத்தேன், ஊருக்கும் ஒருமுறை போய்வந்தேன், இரண்டும் சேர்ந்தே என் வாழ்க்கை என்று ஏற்பீர்களா? நாம் அறிந்த வரையில், எந்தச் சட்டமும் இவ்வினாவுக்கு முழுமனத்தோடு ‘ஆம்’ என்று சொன்னதில்லை.

எங்கிருந்து விண்ணப்பிப்பது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுமாறு அவரிடம் சொன்னோம். வந்து சென்ற நாள்களை ஒன்றுவிடாமல் குறித்து வைக்குமாறும் சொன்னோம். அப்படிக் குறித்துவைக்க எழுத்தறிவும் இன்றி, குறிக்க வேண்டும் என்று சொல்வாரும் இன்றி, பெற்ற தாயைப் பார்க்க ஒரு கப்பலேறியதற்காகவே நாடிழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் தமிழக முகாம்களில் வாழ்கிறார்கள். அவர்களை ‘அகதி’ என்று அழைக்குமுன், அவர்களுடைய பாட்டனார் இம்மண்ணிலிருந்தே புறப்பட்டவர் என்பதை நாம் ஒரு கணமேனும் நினைவுகூர வேண்டாமா?