மானம் யாருடையது? - இந்தியக் குற்றவியல் சட்டமொழியும் ஆண்மைக் கருத்தும்

ஏழரை மாதக் குழந்தைக்கு மானம் உண்டா என்னும் வினா 1966இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பஞ்சாப் அரசு எதிர் மேஜர் சிங் என்பது அவ்வழக்கு. பெண் குழந்தையொன்றின் பிறப்புறுப்பில் காயம் விளைவித்தவன்மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு பொருந்துமா என்பதே வாதம். பெண்ணொருத்தியின் ‘மாடஸ்டி’யைக் குலைக்கும் நோக்கில் அவளைத் தாக்குவதை அப்பிரிவு தண்டித்தது. அவ்வுணர்வே தோன்றாத பருவத்தில் அது குலைவது எங்ஙனம் என உயர் நீதிமன்றம் கருதியது. உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி சர்க்கார் மாறுபட, பெரும்பான்மையால் அக்கருத்தை மறுத்தது. பெண்ணாயிருத்தலே அதன் சாரம் என்று நீதிபதி பச்சாவத் விளக்கினார். தீர்ப்பு சரியே. எனினும், கண்ணெதிரே காயம் இருக்க, நீதிமன்றங்கள் ஒரு சொல்லின் பொருளைத் தேடி அலைந்தது ஏன் என்பது மொழியியலாருக்குரிய வினா.

அச்சட்டம் 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்தது. அதன் சொற்களில் பெண்ணுக்கு நேரும் கேடு பெரும்பாலும் அவள் உடலுக்கு நேர்வதாக இல்லை. அவளிடம் வைக்கப்பட்ட ஏதோ ஒன்றுக்கு நேர்வதாகவே இருந்தது. 497ஆம் பிரிவு இதனை ஒளிவின்றிக் காட்டியது. பிறன் மனைவியோடு அக்கணவனின் இசைவின்றிக் கூடுவது அங்குக் குற்றம். கணவன் இசைந்தால் குற்றமில்லை. உச்ச நீதிமன்றம் 2018இல் அப்பிரிவை நீக்கும் வரை இந்நிலை நீடித்தது. வன்புணர்ச்சியை வரையறுத்த 375ஆம் பிரிவோ கணவனுக்கு விலக்களித்தது. மனைவிக்குப் பத்து வயது நிறைந்திருந்தால் போதும். 1890இல் கல்கத்தாவில் பூல்மணி என்னும் சிறுமி கணவனால் உயிரிழந்தபோது, அவள் பத்து வயதைக் கடந்துவிட்டாள் என்பதால் வன்புணர்ச்சிக் குற்றம் நிற்கவில்லை. மறு ஆண்டே வயது வரம்பு பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. திலகர் உள்ளிட்டோர் அதனை எதிர்த்தனர். குழந்தையின் வலியைவிடக் கணவனின் உரிமையும் சமய வழக்கமுமே அவ்விவாதத்தில் உரத்து ஒலித்தன.

இச்சொற்கள் தமிழுக்கு வந்தபோது நிகழ்ந்தது மேலும் கருதத்தக்கது. ‘மாடஸ்டி’க்கு நாணம், அடக்கம் எனச் சொற்கள் இருக்க, வழக்கில் நிலைத்தது ‘மானபங்கம்’. மானம் என்னும் அதிகாரம் திருக்குறளில் குடியியலில் உள்ளது. தன் செயலால் தன் நிலையினின்று தாழாமையே அங்குப் பேசப்படும் பொருள். சட்டத் தமிழில் இச்சொல் இரண்டாகப் பிளவுண்டது. அவதூறுக்கு இழப்பீடு கோருவது ‘மான நஷ்ட வழக்கு’. அங்கு மானம் என்பது ஒருவரின் பெயர், புகழ். பெண்ணிடம் வரும்போது அதுவே உடலாகிவிடுகிறது. தன் செயலால் இழக்க வேண்டிய மானத்தை அவள் பிறன் செயலால் இழக்கிறாள். தெலுங்கில் ‘மானபங்கம்’ வன்புணர்ச்சியையே குறிக்க வழங்கியது. இந்தியில் வழங்கும் ‘பலாத்கார்’ வலிமையைச் சுட்டும் சொல். அதாவது செய்தவனின் செயலைச் சுட்டுவது. தமிழிலும் பலாத்காரம் இருந்தது. ஆயினும் செய்தித்தாள்கள் நெடுங்காலம் ‘கற்பழிப்பு’ என்றே எழுதின.

கற்பு, கல் என்னும் வினையடியிலிருந்து பிறந்தது என்பர். தொல்காப்பியக் கற்பியலில் அது களவுக்குப் பின்வரும் மணவாழ்வு. பின்னர்ப் பெண்ணின் உடலுக்குள் புகுந்து, அழிக்கத்தக்க பொருளாயிற்று. ‘பெண் கற்பழிப்பு’ என்னும் தலைப்பில் வினைமுதல் இல்லை. ‘கற்பழிக்கப்பட்டாள்’ என்னும் செயப்பாட்டு வினையிலும் அவன் தேவைப்படவில்லை. ‘மானமிழந்தாள்’ என்னும்போது இழந்தவளே வினைமுதலாகிறாள். மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பொன்றில், ஆண் எழுவாயாக அமைந்த ஆங்கிலச் செய்வினைத் தொடர் ஒன்றை நான் கொடுத்தபோது, பலரும் அதனைச் செயப்பாட்டு வினையாகவே தமிழாக்கினர். தவறு என்று உணர்ந்தவர் எவருமிலர். அதுவே இயல்பான தமிழ் என்றனர். பழகியது இயல்பாகத் தோன்றும்.

இவ்வாறு மறைந்த வினைமுதலைத் தேடினால் ‘ஆண்மை’ என்னும் சொல்லை வந்தடைகிறோம். தாளாண்மை, வேளாண்மை, இல்லாண்மை ஆகியவற்றில் அது ஆளும் தன்மை. முயற்சியையும் ஈகையையும் பொறுப்பையும் குறிப்பது. பிறனில் விழையாமை அதிகாரத்தில் வள்ளுவர் பேராண்மை என்னும் சொல்லைப் புலனடக்கத்துக்கு உரியதாக்கினார். இதனை மேடைதோறும் பெருமையுடன் சுட்டுவோர், அதே அதிகாரத்தில் ‘பிறன்பொருளாள்’ என்னும் சொல் இருப்பதை விட்டுவிடுகின்றனர். அடக்கம் போற்றப்படுகிறது, ஆனால் அவள் இன்னும் பிறனுடைய பொருள்தான். பெண் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும் எனப் பெரியார் எழுதியது இவ்வுடைமைப் பொருண்மையை நோக்கியே எனலாம்.

வன்முறைக்குக் காரணம் அடங்காத காமம் என்பது பொதுநம்பிக்கை. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு வேறொன்றைக் காட்டுகிறது. 18 முதல் 49 வயது வரையுள்ள, மணமான பெண்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு உள்ளாகியிருந்தனர். சொல்லாமல் வெளியே செல்லுதல், வீட்டையோ குழந்தைகளையோ கவனியாமை, உறவுக்கு மறுத்தல் முதலிய ஏழு காரணங்களில் ஒன்றுக்கேனும் மனைவியை அடிப்பது தகும் என்றோர் ஆண்களில் 44 விழுக்காடு, பெண்களில் 45 விழுக்காடு. இக்காரணங்களுள் பெரும்பாலானவை காமம் பற்றியவை அல்ல. கட்டளை மீறல் பற்றியவை. தண்டிக்கும் உரிமை தனக்குண்டு என்று கருதுபவனே அடிக்கிறான். அவ்வுரிமையை அடிபடுபவளும் ஒப்புமாறு வளர்க்கப்பட்டிருக்கிறாள்.

பெண்ணிய இயக்கங்களின் வற்புறுத்தலால் ‘பாலியல் வன்கொடுமை’ இன்று பரவலாகியுள்ளது. இதிலும் இடர்ப்பாடு உண்டு. தொடுதல் முதல் வன்புணர்ச்சி வரை அனைத்தையும் அது ஒருசேரக் குறிக்கிறது. வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பவருக்கு இம்மயக்கம் பெருந்தீங்கு. வரையறுத்த குற்றத்துக்கு வன்புணர்ச்சி என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பாலின முன்முடிவுகளைத் தாங்கிய சொற்களைத் தவிர்க்கக் கையேடு வெளியிட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதில் மனைவிக்கான வயது வரம்பு பதினெட்டு. அவ்வயதை எட்டிய மனைவியைப் பொறுத்தவரை கணவனுக்கான விலக்கு நீடிக்கிறது. பழைய 354ஆம் பிரிவு 74ஆம் பிரிவாக எண் மாறியுள்ளது. ஆங்கில வாசகத்தில் ‘மாடஸ்டி’ அப்படியே இருக்கிறது. அதற்கு எதிரே எச்சொல்லை எழுதுவது என்பதைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு குற்றப்பத்திரிகையிலும் முடிவுசெய்தாக வேண்டும்.