தேய்ந்த செப்புக் காசுகள்

நயினாதீவிலே பராக்கிரமபாகு தமிழிற் பொறித்த 12ஆம் நூற்றாண்டுச் சாசனம், பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டுமெனப் பணிக்கின்றது. சரவணை இருக்கும் இதே தீவின் துறைதான் அது. அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே உரோமக் காசுகள் இலங்கையில் வழங்கின. போல் பீரிஸ் 1917ஐ அடுத்துக் கந்தரோடையிற் கண்டவற்றுள்ளும் அவை உண்டு.

இவற்றுட் பெரும்பாலானவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகளே. பொன்னையே பேசும் நம் சரித்திர நூல்கள் சந்தையிற் கைமாறித் தேய்ந்த இச்சில்லறையை மறந்துவிடுகின்றன.

முத்துப் பட்டி அணிந்த முகம் ஒன்றே போதாது. ஆர்க்காடியசும் ஒனோரியசும் ஒரே சாயலினர். சுற்றெழுத்தில் நாலைந்தேனும் எஞ்ச வேண்டும். மறுபுறத்து உருவத்தின் கீழுள்ள எழுத்துக்கள் அச்சடித்த நகரைச் சொல்லும்: அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, கொன்ஸ்தாந்திநோப்பிள். எழுத்துக்கள் வெறுங் கோடுகளாயின், பெரும்பாலும் அது உள்ளூர்க் கம்மியன் செய்த போலி. சேர்ப்போர் அதனை இகழ்கின்றனர். நமக்கோ அதுவே பெரிது. சில்லறைக்கு முடைப்பட்ட மக்கள் தம் தேவையைத் தாமே நிறைவேற்றிக் கொண்டதற்குச் சான்றன்றோ அது!

நண்பரொருவர் புளியிட்டுத் துலக்கிய காசொன்றை நம்மிடம் காட்டினார். பச்சைக் களிம்போடு அரசன் பெயரும் போய்விட்டிருந்தது. எங்கே எடுத்தது என்றோம். வாங்கியதாம், விற்றவனுக்கும் தெரியாதாம்.