அட்டவணையில் விடுபட்ட எண்

ஒரு மின்மோட்டாரை இன்னொன்றோடு ஒப்பிட நான்கு எண்கள் போதும் என்று பாடநூல் சொல்லும். லோடு இல்லாமல் ஓடும்போது நிமிடத்துக்கு எத்தனை சுற்று, தண்டைச் சுழலவிடாமல் பிடித்தால் எவ்வளவு முறுக்குவிசை, அப்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, உச்சத் திறன் எத்தனை வாட் என்பவை அவை. நிரந்தரக் காந்தம் கொண்ட டி.சி. மோட்டாரில் முறுக்குவிசை கூடக்கூட வேகம் ஒரே நேர்கோட்டில் குறையும். எனவே முதல் இரண்டு எண்கள் தெரிந்தால் உச்சத் திறனைக் கணக்கிட்டுவிடலாம். அது பாதி வேகத்தில் கிடைக்கும். இந்தக் கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஆனால் பள்ளி மாணவர்களுக்காக அமெரிக்காவில் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ ரோபோட்டிக்ஸ் போட்டியின் முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றைப் பார்த்தால், புதிய மோட்டார் வந்த ஒவ்வொரு முறையும் மாணவர்களைத் திணறவைத்தது இந்த நான்குக்கும் வெளியே இருந்த ஏதோ ஓர் எண்தான். போட்டியின் தொழில்நுட்ப வரலாறே, அட்டவணையில் இல்லாத பத்திகள் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்ட வரலாறு என்பது என் வாதம்.

போட்டியின் விதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. வகுப்பறையில் விழுந்தது. அங்கே பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ் நடத்திய வடிவமைப்புப் பாடத்தில் எல்லா மாணவர்களுக்கும் ஒரேமாதிரி உதிரிப்பொருள் பெட்டி கொடுத்து, அதைக் கொண்டு ஓர் இயந்திரம் செய்து மோதவிடுவார்கள். கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-ல் ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பைத் தொடங்கினார். 1992-ல் நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. எல்லாருக்கும் ஒரே பெட்டி என்ற முறையும் கூடவே வந்தது. பின்வந்த ஆண்டுகளின் பெட்டிகளில் இருந்த மோட்டார்களில் எதுவும் ரோபோவுக்கென்று பிறந்ததல்ல. பாஷ் கம்பெனியின் கைத்துளையிடும் கருவியிலிருந்து ஒன்று, குழந்தைகள் ஏறி ஓட்டும் ஃபிஷர் பிரைஸ் பொம்மைக் காரிலிருந்து ஒன்று, காரின் கண்ணாடியை ஏற்றி இறக்குவது ஒன்று, வேனின் கதவை இழுத்து மூடுவது ஒன்று. அவரவர் தொழிற்சாலை அவரவர் வேலைக்கு ஏற்ற வோல்டேஜில் அளந்த எண்களைத்தான் தந்திருக்கும். இங்கேதான் விடுபட்ட முதல் பத்தி தெரிகிறது. வோல்டேஜ் குறைந்தால் வேகமும் முறுக்குவிசையும் சேர்ந்தே குறையும். எனவே திறன் இருமடிப் பங்கில் சரியும். 18 வோல்ட்டில் அளந்த மோட்டாரை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் அட்டவணை சொல்லும் திறனில் நூற்றுக்கு 44 பங்குதான் மிஞ்சும். எந்த வோல்டேஜில் அளந்தது என்று கேட்காமல் இரண்டு மோட்டார்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது ஒப்பீடே ஆகாது.

2000-களில் இந்தக் கலவைக்கு நடுவே ஒரு மோட்டார் நிலைத்து நின்றது. அணிகள் ‘சிம்’ என்று அழைத்த அது இரண்டரை அங்குல விட்டம் கொண்ட, முழுதும் மூடிய உருளை. எடை 1.27 கிலோ. 12 வோல்ட்டில் 5,330 சுற்று, 2.41 நியூட்டன் மீட்டர், 131 ஆம்பியர், 337 வாட். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் பெரும்பாலான ரோபோக்களின் சக்கரங்களை உருட்டியது இதுதான். பழக்கமும் சோம்பலும்தான் அதை அத்தனை காலம் வைத்திருந்தன என்று சொல்வோர் உண்டு. அது கனமானது, இடத்தை அடைப்பது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அது ஏன் நிலைத்தது என்பதற்கான நல்ல விடை, அதற்குப் போட்டியாக வந்த ஒரு மோட்டாரிடம் இருக்கிறது.

2016 போட்டிப் பருவத்துக்கு வந்த 775புரோ, அட்டவணையில் ஓர் அற்புதம். உச்சத் திறன் 347 வாட், அதாவது சிம்மைவிடச் சற்று அதிகம். எடையோ 365 கிராம்தான். வேகம் 18,730 சுற்று என்பதால் சிம்மைவிட மூன்றரை மடங்கு கூடுதலாகக் கியரில் குறைக்க வேண்டும். அதைச் செய்துவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான எடையில் அதே வேலை என்றுதான் நான்கு எண்களும் சொல்லும். இப்போது ரோபோ ஒரு சுவரை முட்டி நிற்கிறது, அல்லது அதன் கை பாரத்தோடு சிக்கி நிற்கிறது என்று கொள்வோம். தண்டு சுழலாதபோது வெளியே வேலை எதுவும் நடப்பதில்லை. உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் சூடாகிறது. சிம்மில் 12 வோல்ட் பெருக்கல் 131 ஆம்பியர். 775புரோவில் 12 பெருக்கல் 134. இரண்டிலும் கிட்டத்தட்ட 1,600 வாட். வெப்பம் ஒன்றே, அதைத் தாங்கும் உலோகம் ஒன்றில் மூன்றரை மடங்கு குறைவு. அதோடு, 775புரோ தன் தண்டிலேயே உள்ள சிறு விசிறியால் குளிர்வது. தண்டு நின்றால் விசிறியும் நின்றுவிடும். காற்று மிகவும் தேவைப்படும் நொடியில் காற்று இருக்காது. அதனால்தான் அது முழு வோல்டேஜில் சிக்கினால் சில விநாடிகளில் அதன் கம்பிச்சுருள் (காயில்) புகைந்துவிடும். சிம்மின் கனத்த இரும்போ அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை தாக்குப்பிடிக்கும். அதன் எடையைக் குறை என்று எழுதிய அட்டவணையில், அந்த எடை செய்த வேலைக்குப் பத்தி இல்லை. இந்தக் காலத்தில்தான் வெக்ஸ் கம்பெனி, பல மோட்டார்களை ஒரே சோதனை மேசையில் வைத்து, தண்டைப் பூட்டிய நிலையில் பல வோல்டேஜ்களில் எவ்வளவு நேரம் தாங்குகின்றன என்ற அளவுகளை வெளியிட்டது. போட்டியின் வரலாற்றில் எந்தப் புதிய மோட்டாரையும்விட முக்கியமான பங்களிப்பு அது என்றே நினைக்கிறேன்.

பிரஷ் இல்லாத மோட்டார்கள் வந்ததும் இந்த வாதம் காலாவதியாகிவிட்டது என்று ஒருவர் மறுக்கலாம். 2019 பருவத்தில் ரெவ் கம்பெனியின் நியோ வந்தது. எடை 425 கிராம், திறன் 400 வாட்டைச் சற்றுத் தாண்டும். சக்கரங்களுக்கு ஆறு சிம் பூட்டிய அணி நியோவுக்கு மாறினாலே 5 கிலோ மிச்சம். அப்போதைய விதிப்படி மொத்த ரோபோவே சுமார் 57 கிலோவுக்குள் இருக்க வேண்டியிருந்த போட்டியில் அது பெரிய வரவு. அடுத்த பருவத்தில் ஃபால்கன் 500 வந்தது. 6,380 சுற்று, 4.69 நியூட்டன் மீட்டர், 257 ஆம்பியர், 783 வாட். திறனில் சிம்மைப்போல இரண்டேகால் மடங்குக்கும் மேல். மாறியவர்கள் சரியாகவே மாறினார்கள். ஆனால் அந்த இரண்டேகால் மடங்கு ரோபோவில் எங்கே இருக்கிறது? விதிப்படி ஒரு மோட்டாருக்கு, மின்சாரம் மிகுந்தால் துண்டிக்கும் 40 ஆம்பியர் பிரேக்கர். அந்த 40 ஆம்பியரில் கணக்கிட்டால் இரண்டு மோட்டார்களும் ஏறத்தாழ ஒரே முறுக்குவிசையைத் தருகின்றன: சுமார் 0.7 நியூட்டன் மீட்டர். வேகத்தில்தான் வித்தியாசம். சிம் 3,800 சுற்றுக்கு இறங்கிவிடும். காயிலின் மின்தடை குறைவான ஃபால்கன் 5,400-ல் நிற்கும். திறன் 280 வாட்டுக்கு எதிராக 400. அட்டவணையின் 2.3 மடங்கு, களத்தில் 1.4 மடங்காகச் சுருங்குகிறது. புதிய மோட்டாரின் உண்மையான சிறப்பு அதன் தள்ளும் பலம் அல்ல, பாரத்தின் கீழும் வேகத்தை விடாமை என்பது உச்சத் திறன் என்ற ஒற்றை எண்ணிலிருந்து ஒருபோதும் தெரியாது.

இதற்கும் மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. பிரேக்கர் 40 ஆம்பியரைத் தாண்டிய நொடியே விழுவதில்லை. அது சூடாகி விழும் வகை. சில விநாடிகள் அதிகமாகவே விடும். சுமார் இரண்டரை நிமிட ஆட்டத்தில் சில விநாடிப் பாய்ச்சல்களே புள்ளி தருகின்றன. அப்படியானால் உச்சத் திறனும் பொருளுள்ளதுதானே? தனி ஒரு மோட்டாருக்கு இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபால்கன் உச்சத் திறனில் 130 ஆம்பியர் அளவில் இழுக்கும். நான்கு சக்கர மோட்டார்கள் ஒன்றாகப் பாய்ந்தால் 500 ஆம்பியருக்கு மேல். பின்னால் இருப்பது 18 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரி ஒன்று, 120 ஆம்பியர் மெயின் பிரேக்கர் ஒன்று. பேட்டரியின் உள் மின்தடையிலேயே வோல்டேஜ் பாதிக்குமேல் விழுந்துவிடும். 7 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே போனதும் ரோபோவின் கணினி தன்னைக் காத்துக்கொள்ள மோட்டார்களை நிறுத்திவிடும். 12 வோல்ட் குறையாமல் கிடைக்கும் என்று எண்ணி எழுதிய எண், வோல்டேஜைத் தானே கீழே இழுத்துவிடுகிறது. 2023-ல் வந்த கிராக்கன் எக்ஸ்60 ஆயிரம் வாட்டைத் தாண்டியபோது இந்த இடைவெளி இன்னும் அகன்றது, பேட்டரி அதேதான்.

ஒரே பெட்டி இருந்த நாளில் பணக்கார அணி, ஏழை அணி என்ற பேதம் இல்லை, அணிகளே மோட்டார் வாங்கலாம் என்று சந்தை திறந்ததும் ஒப்பீடு என்பது விலைப் பட்டியலாகிவிட்டது என்ற மனக்குறையில் நியாயம் இருக்கிறது. புது மோட்டார்களை முதல் ஆண்டே வாங்க எல்லாப் பள்ளிகளாலும் முடியாது. ஆனாலும் பழைய பெட்டியிலும் கதவு மோட்டாரைக் கைக்கு வைப்பதா, பொம்மைக் கார் மோட்டாரை வைப்பதா என்று மாணவர்கள் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டியிருந்தது. எண்களைச் சரியாக வாசித்த அணிக்கு அந்த நாளிலும் அனுகூலம் இருந்தது. கன்ட்ரோலர் உள்ளேயே அமைந்த ஃபால்கனை, தனிக் கன்ட்ரோலர் தேவைப்படும் சிம்மின் வெறும் விலையோடு ஒப்பிட்டதும் பத்தி விட்ட கணக்குதான். கன்ட்ரோலரையும் கூட்டினால் விலை இடைவெளி வெகுவாகக் குறையும். பணம் குறைந்த அணிக்கு முழுக் கணக்கே அதிகம் தேவை, ஏனெனில் தவறாக வாங்கிய மோட்டாரை மாற்ற அதனிடம் மறுவாய்ப்பு இல்லை.

இன்றைய மோட்டார்களில் விடுபட்ட பத்தி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நியோவிலும் ஃபால்கனிலும் வெப்ப உணரி உண்டு. எத்தனை ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது என்பதை மாணவரே மென்பொருளில் எழுதலாம். 40 என்று எழுதினால் ஒரு மோட்டார், 60 என்று எழுதினால் வேறொரு மோட்டார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிறகு ரோபோவின் பதிவை விரித்து, எந்த நொடியில் வோல்டேஜ் விழுந்தது, எந்த நொடியில் சூடு ஏறியது என்று பார்த்து, அடுத்த ஆட்டத்துக்குள் கியர் விகிதத்தை மாற்றும் அணிகள் இருக்கின்றன. அவர்களுடைய ஒப்பீட்டு அட்டவணையை நிரப்புவது அவர்களுடைய ரோபோவே.