சொந்தத் தடம் இல்லாத அணிகள்

நம் தலைமுறையில் பலருக்குப் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து உண்டு. ஒன்று தகப்பனார் பெயர், மற்றொன்று ஊர்ப் பெயர். அந்த ஊரில் நாம் ஒரு நாள்கூடக் குடியிருந்திருக்க மாட்டோம். பாட்டனார் காலத்திலேயே நிலத்தை விற்றுவிட்டு வந்திருப்பார்கள். ஆனாலும் அந்த எழுத்து மட்டும் கூடவே வரும். விளையாட்டு அணிகளிலும் இப்படி உண்டு. பெயரில் ஊர் இருக்கும். ஊரில் இடம் இருக்காது. அவை எப்படிப் பிழைக்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை. இதில் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் பெரிய பங்கு இருப்பதால் எழுதத் தோன்றியது.

இங்கிலாந்து, போலந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளில் ‘ஸ்பீட்வே’ என்றொரு மோட்டார் சைக்கிள் பந்தயம் பிரபலம். நீள்வட்டமான மண் தடம். ஒரு சுற்று முந்நூறு, நானூறு மீட்டர்தான் இருக்கும். நான்கு பேர், நான்கு சுற்று. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வண்டி 500 சி.சி., ஒரே கியர், பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இரண்டு ஊர் அணிகள் மோதும்போது, ஒவ்வொரு ஓட்டத்திலும் அணிக்கு இருவர் இறங்குவார்கள். கிரிக்கெட் லீக்கைப் போல உள்ளூரில் ஓர் ஆட்டம், வெளியூரில் ஓர் ஆட்டம்.

இந்த விளையாட்டில் சொந்தத் தடம் என்பது உயிர்நாடி. எந்த வளைவில் மண் இறுகியிருக்கும், எங்கே இளகியிருக்கும் என்பது அங்கேயே ஓட்டிப் பழகியவனுக்குத்தான் தெரியும். வாசலில் விற்கும் டிக்கெட் பணமும் உள்ளூர்க்காரர்களிடமிருந்துதான் வரவேண்டும். தடம் போனால் இரண்டும் போகும்.

பர்மிங்காம் அருகே உள்ள கிராட்லி ஹீத் அணிக்கு இதுதான் நேர்ந்தது. 1995 முடிவில் அதன் டட்லி வுட் மைதானம் கைவிட்டுப் போனது. மறு ஆண்டு ஸ்டோக் நகரத் தடத்தில் ஒண்டுக்குடித்தனம் நடத்திப் பார்த்தார்கள். அந்த ஒரு சீசனோடு அணி நின்றது. 2010-இல் கீழ்நிலை லீக் ஒன்றில் அணி மீண்டும் உயிர்பெற்றது. உள்ளூர் ஆட்டங்களை எங்கே வைத்துக்கொண்டார்கள் தெரியுமா? பெரும்பாலும் வுல்வர்ஹாம்டன் தடத்தில். அதாவது, காலங்காலமாக இவர்களோடு மல்லுக்கு நின்ற பக்கத்து ஊர்க்காரர்களின் வீட்டுத் திண்ணையில்! 2013-இல் அந்த லீக்கின் பட்டத்தையும் வென்றார்கள். ஆனால் சொந்தத் தடம் கடைசிவரை அமையவில்லை. அணி மறுபடியும் நின்றுவிட்டது. 1928 முதல் பிராண்டன் மைதானத்தில் ஓட்டிய கவன்ட்ரி அணியும் 2016-ஓடு அந்த இடத்தை இழந்தது. 2018-இல் லெஸ்டர் நகரத் தடத்தில் ஓட்டியது. அதுவும் நிலைக்கவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2022-இல் ‘இந்தியன் ரேசிங் லீக்’ என்ற கார் பந்தயத் தொடர் தொடங்கியது. சென்னை, பெங்களூரு, ஐதராபாத், டெல்லி, கோவா, கொச்சி என்று ஆறு ஊர்ப் பெயர்களில் ஆறு அணிகள். அணிக்கு நான்கு ஓட்டுநர்கள், அதில் ஒருவர் பெண். ஆனால் முதல் ஆண்டில் இந்தத் தொடருக்கு இருந்த இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரிக்கரைச் சாலையைத் தடுத்து அமைத்த தற்காலிகத் தடம். மற்றொன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை. கொச்சிக்காரர்களுக்குக் கொச்சியில் தடம் இல்லை, கோவாவுக்கும் பெங்களூருக்கும் அப்படியே. கடைசியில் பட்டம் வென்றது யார்? கொச்சி அணி! 2024-இல் கல்கத்தா பெயரிலும் ஓர் அணி வந்தது. சவுரவ் கங்குலி அதன் உரிமையாளர். அந்த ஊரிலும் தடம் இல்லை.

சென்னை அணியே சென்னைக்குள் ஓட்டப் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் தீவுத்திடலைச் சுற்றி நடக்கவிருந்த பந்தயம், மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரண்டு நாட்கள், 3.5 கிலோமீட்டர் தெருத்தடத்தில் விளக்கொளியில் அது நடந்தது.

இங்கிலாந்தில் அணியைச் சாய்த்த குறை, இங்கே ஏன் சாய்க்கவில்லை? கார் பந்தயம் வாசல் டிக்கெட்டை மட்டும் நம்பி நடப்பதில்லை என்பது ஒரு காரணம். விளம்பரதாரர் பணமும் தொலைக்காட்சியும் இருக்கின்றன. இந்தத் தொடரில் எல்லா அணிக்கும் ஒரே மாதிரிக் கார் என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் முக்கியம்: இந்த ஆறு அணிகளும் வந்து இறங்க ஒரு பொது வீடு முன்பே தயாராக இருந்தது. அந்த வீட்டின் கதை பழையது.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953-இல். அதற்கும் அப்போது சொந்தத் தடம் கிடையாது. இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடத்தினார்கள். ‘சோழவரம் ரேஸ்’ என்றால் நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். எழுபதுகளில் நண்பர்களோடு நானும் ஒரு முறை போயிருக்கிறேன். வெயிலும் புழுதியும் காதடைக்கும் சத்தமும்தான் நினைவில் நிற்கின்றன. கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோயம்புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வண்டிகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள். வந்தவர்களும் விருந்தாளிகள், அழைத்தவர்களும் இரவல் இடத்தில் இருந்தவர்கள்.

அந்த நிலைமைக்கு முடிவுகட்டத்தான் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கித் தடம் போட்டது. 1990-இல் அது பந்தயத்துக்கு வந்தது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். 1997-இல் மாவட்டம் பிரியும்வரை சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. பிரிவினையில் ஒன்று திருவள்ளூருக்கும் மற்றொன்று காஞ்சிபுரத்துக்கும் போனது வேறு கதை. 2003-இல் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரால் இன்னொரு தடம் வந்தது. 2011-இல் டெல்லி அருகே புத் தடம் வரும்வரை, நாட்டில் கார் பந்தயக்காரர்களுக்கு நம்பகமான வீடு என்றால் தமிழ்நாட்டின் இந்த இரண்டும்தான்.

தடம் இல்லாமல் தவித்த அணி நம்மிடம் கிரிக்கெட்டிலும் உண்டு. இரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு சென்னை சூப்பர் கிங்ஸ் 2018-இல் திரும்பியது. ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம். காவிரிப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. மீதமிருந்த ஆறு உள்ளூர் ஆட்டங்களும் புனேவுக்குப் போயின. ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. ‘விசில்போடு எக்ஸ்பிரஸ்’ என்று தனி ரயிலிலேயே சுமார் ஆயிரம் பேர் புனேவுக்குக் கிளம்பினார்கள். மே 27 அன்று மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 எடுக்க, கோப்பை சென்னைக்கு வந்தது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுப் பத்திரிகைகளில் உள்ளூர் ஆட்டத்தை ‘ஆ தொமிசில்’ என்று எழுதுவார்கள். குடியிருப்பில் ஆடுவது என்று பொருள். இருப்பிடச் சான்று விண்ணப்பங்களில் நாம் பார்க்கும் ‘டொமிசைல்’ அதே சொல்தான். குமாஸ்தாவாக இருந்த காலத்தில் அந்த விண்ணப்பங்களோடு ரேஷன் கார்டையும் வீட்டுவரி ரசீதையும் புரட்டியவன் நான். கொச்சி அணி என் மேசைக்கு வந்திருந்தால், கொச்சிக்கான சான்றுக்கு ஒரு காகிதமும் தேறியிருக்காது. ஆனால் சட்டம் குடியிருப்பை மட்டும் பார்ப்பதில்லை. இதுதான் என் ஊர் என்ற எண்ணத்தையும் பார்க்கும். புனேவுக்கு ரயில் ஏறியவர்களிடம் இருந்தது அந்த எண்ணம்.

எண்ணம் சில காலம் தாங்கும், எப்போதும் தாங்காது. கிராட்லி ஹீத் அதற்குச் சாட்சி. இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றி இன்று தொழிற்சாலைகள். 1998-இல் ஹூண்டாய் கார் அங்கே உற்பத்தியாகத் தொடங்கிய பிறகு அந்தப் பகுதி நிலத்தின் மதிப்பு என்ன ஆனது என்பது நமக்குத் தெரியும். சோழவரத்தில் இன்று பந்தயம் இல்லை. கொச்சிக்கும் கோவாவுக்கும் கல்கத்தாவுக்கும் சேர்த்து ஒரு வீட்டை நம் பழைய மாவட்டம் வைத்திருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது பேரப்பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். சத்தம் கொஞ்சம் அதிகம்தான், பொறுத்துக்கொள்ளலாம்.